மொடல் பிளேனுக்கு எஞ்சின் தெரிவு செய்யிறதும் பூட்டுறதும்: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

பின்னேரம் றிமோட்டில ஓட்டுற ஒரு மொடல் பிளேனைக் கொண்டுபோய் வயல் வெளியில வைச்சாக் காணும், பத்து நிமிசத்தில சைக்கிளில பெடியள், மோட்டச்சைக்கிளில ஐயாமார் எண்டு ஒரு கூட்டம் சேந்திடும். கேக்கிறதெல்லாம் அதே கேள்வியள்தான், பிறகு ஃபோன் எடுத்தும் அதையே கேப்பினம், கலியாண வீட்டுப் பந்தியிலகூட ஒராள் எண்ணெய் ராங்க் உயரம் கேட்டவர். சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போய்த்தான் இதை எழுதுறன். கேட்டவை கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறன்.

ஒண்டை மட்டும் முதலே சொல்லுறன். "எஞ்சின் பழுது" எண்டு என்னட்டக் கொண்டு வந்ததில முக்காவாசியில எஞ்சினுக்கு ஒண்டுமே இல்லை, ராங்க்கும் ரியூப்பும் பூட்டின விதமும்தான் பிழை. மற்றதை வாசிக்காட்டியும் ராங்க் கேள்வியை வாசியுங்கோ.

அண்ணா, முதல்முதலாப் பறக்கப் பழகிறன், எஞ்சின் வாங்கவோ கரண்ட் மோட்டர் வாங்கவோ?

பழகிறதுக்கு மட்டும் எண்டா மோட்டர், எஞ்சின் விசர் பிடிச்ச நானே அப்பிடித்தான் சொல்லுவன். பற்றறியைக் கொழுவினா ஓடும், ஒயில் வழியாது, பக்கத்து வீட்டில பேச்சு வாங்கத் தேவையில்லை. கணக்கும் லேசு, கிலோவுக்கு 220 வாற்ஸ் மட்டில இருந்தாப் பழகிற பிளேன் ஒழுங்கா ஏறும், அப்ப இரண்டரைக் கிலோ பிளேனுக்கு 550 வாற்ஸ்.

எனக்கு அந்தச் சத்தமும் ஆமணக்கெண்ணெய்ப் புகை மணமும்தான் வேணும் எண்டு நிக்கிற ஆளெண்டா எஞ்சினிலயே தொடங்குங்கோ, பிழையில்லை. ஆனா முதல் ரெண்டு மாதம் பறக்கிற நேரத்தைவிட திருத்துற நேரம் கூடவா இருக்கும், அதுக்குப் பொறுமை வேணும். இனி எழுதினதெல்லாம் எஞ்சின் ஆக்களுக்கு.

40, 46 எண்டு எஞ்சினில போட்டிருக்கே, அது சிசியோ குதிரை வலுவோ?

ரெண்டும் இல்லை, கன அங்குலம். முன்னுக்கு ஒரு புள்ளி இருக்கு, ஒருத்தரும் அதைச் சொல்லுறதில்லை. 0.40 கன அங்குலத்தைச் சிசியாக்க 16.4 ஆல பெருக்குங்கோ, 6.5 சிசி வரும். அப்பிடியே 25 எண்டா 4 சிசி, 46 எண்டா 7.5, 60 எண்டா 10 சிசி. பெற்றோல் எஞ்சினுக்கு மட்டும் நேரா சிசியிலயே பேர் வைப்பினம்.

என்ர பிளேன் 40 சைஸ் எண்டு பிளானில இருக்கு, 60 போட்டா இன்னும் நல்லாப் பறக்கும் தானே?

பறக்காது, ஓடும். லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) எஞ்சினைச் சைக்கிளில பூட்டின கதைதான். பெரிய எஞ்சின் பாரம் கூட, மூக்கு கீழ இழுக்கும், அதைச் சமப்படுத்த வாலில ஈயம் வைப்பியள், இப்ப முழுப் பிளேனும் பாரம், இறக்கேக்க வேகமா வந்து விழும். அதிர்வில பல்சா மர ஒட்டுக்களும் ஒவ்வொண்டா விடும்.

அதுக்காகக் குறைச்சும் போடாதேங்கோ. அஞ்சடி இறக்கை, இரண்டரைக் கிலோ எண்டு வாற சாதாரண ட்ரெயினருக்கு (பழகிற பிளேன்) 25 போட்டா தார் றோட்டில ஒருவேளை எழும்பும், எங்கட வெட்டின வயலில அடிக்கட்டையில தடக்குப்பட்டு எழும்பாது. 40 இல இருந்து 46 வரை எண்டு பிளானில இருந்தா கண்ணை மூடிக்கொண்டு 46 எடுங்கோ. கன கொம்பனியள் ரெண்டையும் ஒரே அளவு உடம்பிலதான் செய்யிறவை, பாரத்தில பெரிய வித்தியாசம் வராது. சைலன்சரோட கிட்டத்தட்ட அரைக் கிலோ வரும்.

ரூ ஸ்ரோக் நல்லமோ ஃபோர் ஸ்ரோக் நல்லமோ?

முதல் எஞ்சினுக்கு ரூ ஸ்ரோக். வால்வு இல்லை, கழட்டிப் பூட்ட லேசு, விலையும் குறைவு. ஃபோர் ஸ்ரோக்கின்ர சத்தம் வடிவு, உண்மையான பிளேன் மாதிரியே உறுமும், எண்ணெயும் குறைவாக் குடிக்கும், ஆனா 40 ரூ ஸ்ரோக் தாற வலுவுக்கு 52, 56 எண்டு பெரிசா வாங்க வேணும், வால்வு இடைவெளியும் இடைக்கிடை பாக்க வேணும்.

பெற்றோல் ஷெட்டில அடிக்கிற பெற்றோலையே ஊத்தினா என்ன, உந்த மெதனோலுக்கு எங்க அலையிறது?

குளோ எஞ்சினில, அதாவது நான் சொல்லுற இந்த 40, 46 எஞ்சினுகளில, பெற்றோல் ஓடாது. ஏன் எண்டு அடுத்த பதிலில இருக்கு. அதுக்கு வேண்டிய எண்ணெய் மெதனோல், 15 இல இருந்து 20 வீதம் ஒயில், பிறகு நைத்திரோமெதேன் 5 அல்லது 10 வீதம். நைத்திரோ விலை, ஆனா கொஞ்சம் இருந்தா மெதுவா ஓடேக்க நிக்காது. ஒயிலில மட்டும் மிச்சம் பிடிக்காதேங்கோ, அந்த எஞ்சினுக்கு வேற ஒயில் ராங்க்கே இல்லை, எண்ணெயோட போறதுதான் உயவு.

இன்னொண்டு, மெதனோல் சாராயம் மாதிரி மணக்கும், ஆனா ஒரு வாய் உள்ள போனாலும் கண் போகலாம், உயிரும் போகலாம். சோடாப் போத்திலில ஊத்தி வீட்டில வைக்காதேங்கோ. அது எரிஞ்சா வெய்யிலுக்க சுவாலை கண்ணுக்கே தெரியாது.

பெற்றோலில ஓட்ட வேணும் எண்டா அதுக்கெண்டு ஸ்பார்க் பிளக் வைச்ச எஞ்சின் இருக்கு, 20 சிசி மட்டில இருந்துதான் பாவனை கூட, பிளேனும் அதுக்கேத்த பெரிசா வேணும். எண்ணெய்ச் செலவு மிச்சம்தான். ஆனா குளோவுக்குப் போடுற சிலிக்கோன் ரியூப்பை அதுக்குப் போட்டா ஊதி வெடிச்சுப் போகும், பெற்றோலுக்குரிய ரியூப் தனி. மண்ணெண்ணெயில ஓடுறதும் இருக்கு, டீசல் எண்டு சொல்லுவினம், மண்ணெண்ணெய், ஈதர், ஆமணக்கெண்ணெய் கலவை, பிளக்கே கிடையாது. தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின எங்கட ஆக்களுக்கு இது ஒரு புதினமே இல்லை, ஆனா இங்க ஈதருக்கு எங்க போறது.

பிளக்குக்குக் குடுத்த கரண்டைக் கழட்டின பிறகும் எஞ்சின் ஓடுதே, எப்பிடி?

பிளக்குக்குள்ள ஒரு சின்னச் சுருள் கம்பி, பிளாட்டினம் கலந்தது. மெதனோல் ஆவி பிளாட்டினத்தில பட்டா அதிலயே சூடு பிறக்கும், அதோட அமுக்கத்தின்ர சூடும், முந்தின வெடியின்ர சூடும் சேந்து கம்பி சிவந்தபடியே இருக்கும். தொடங்கேக்க மட்டும் வெளியில இருந்து குடுத்தாச் சரி. பெற்றோலுக்கு இந்தப் பிளாட்டின வேலை நடக்காது, முந்தின கேள்விக்குப் பதில் அதுதான்.

குடுக்கிறது 1.2 இல இருந்து 1.5 வோல்ற் மட்டும். ஒரு தம்பி மோட்டச்சைக்கிள் பற்றறியில கொழுவிப்போட்டு "பிளக் ஒருக்கா மின்னினது அண்ணா, பிறகு ஓடேல்லை" எண்டவன். 12 வோல்ற் குடுத்தா அப்பிடித்தான் மின்னும். கரண்டைக் கழட்டின உடன எஞ்சின் சோர்ந்தா ஒண்டில் பிளக் முடியப் போகுது, இல்லாட்டி எண்ணெய் கூடப் போகுது.

தம்பி, கனடாவில இருந்து வந்த ஒராள் பழைய எஞ்சின் ஒண்டு விக்கிறார், என்னத்தைப் பாத்து வாங்கிறது?

பிளக்கோட புறொப்பை (முன்னால சுத்திற காத்தாடி) கையால சுத்திப் பாருங்கோ ஐயா. மேல வரேக்க இறுக்கமா நிண்டு "கிறீச்" எண்டா அது நல்லது, கன எஞ்சினில சிலிண்டர் மேல போகப் போக ஒடுங்கித்தான் இருக்கும், சூடானாச் சரிவரும். லேசா வழுக்கிக்கொண்டு போனா அமுக்கம் போட்டுது, விட்டிடுங்கோ. புறொப் பூட்டுற தண்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டுங்கோ, ஆட்டம் இருக்கவோ சுத்தேக்க மணல் அரைபடுற மாதிரி இருக்கவோ கூடாது. அப்பிடி இருந்தா பெயரிங் கறள், அது மாத்தலாம், அதுக்கேத்த மாதிரி விலையைக் குறைக்கச் சொல்லுங்கோ.

பூட்டுற காதில வெடிப்பு, வளைஞ்ச ஊசி வால்வு (எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிறது), சப்பின போல்ற் தலை, இதெல்லாம் பாருங்கோ. மண்ணிறமா வார்னிஸ் பூசின மாதிரி இருந்தாப் பயப்பிட வேண்டாம், அது காய்ஞ்ச ஆமணக்கெண்ணெய். கூடப் பளபளப்பு எண்டாத்தான் எனக்குச் சந்தேகம், விழுந்து மண் போனதைக் கழுவியிருப்பினம்.

மூக்குப் பலகையில எப்பிடிப் பூட்டுறது, மரத்துக்கு நேரா ஸ்குறூ முடுக்கினாக் காணாதோ?

காணாது, பத்துப் பறப்பில அதிர்வு அதைத் தின்னும். 6 மில்லிமீற்றர் பிளைவூட், பின்பக்கம் முள்ளு வைச்ச நட்டு, தளபாடக்காரர் பாவிக்கிறது, முன்னால இருந்து 4 மில்லிமீற்றர் போல்ற். நட்டை உள்ளுக்கு இழுத்து இறுக்கி விளிம்பில ஒரு துளி எபொக்சி, நூலுக்குள்ள போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ. எஞ்சினைத் தாங்கிற மவுண்ட் நைலோனோ அலுமினியமோ ரெண்டும் சரி, 46 வரைக்கும் கண்ணாடி நார் கலந்த நைலோன் எனக்குப் பிடிக்கும், விழுந்தா அது உடைஞ்சு எஞ்சினைக் காப்பாத்தும்.

பூட்ட முதல் செய்ய வேண்டியது ரெண்டு. த்றொட்டில் கம்பிக்கும் ராங்க்கில இருந்து வாற ரெண்டு ரியூப்புக்கும் ஓட்டை துளைக்கிறது, பிறகு முழுப் பலகைக்கும் ராங்க் அறைக்கும் எபொக்சி மெல்லிசாப் பூசுறது. பூசாட்டி ஒயில் மரத்துக்குள்ள ஊறும், ஊறின மரத்தில பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. அவசரத்தில இதை விட்டு ஒரு பிளேனின்ர மூக்கையே வெட்டி எறிஞ்சனான்.

எஞ்சின் நேரா இல்லாம வலப்பக்கமும் கீழயும் பாத்துக்கொண்டு நிக்குது, பிளான் பிழையோ, நேராக்கவோ?

தயவுசெய்து நேராக்காதேங்கோ. பின்னால நிண்டு பாத்தா புறொப் மணிக்கூட்டுக் கம்பி சுத்துற பக்கம் சுத்துது, அப்ப காத்து உடம்பைச் சுத்திச் சுருண்டு போய் நிமிர்ந்து நிக்கிற வாலில இடப்பக்கத்தால மோதும், வால் வலத்த போக மூக்கு இடத்த திரும்பும். அதை ஈடுகட்டத்தான் ரெண்டு மூண்டு பாகை வலம். கீழ பாக்கிறது, இறக்கை மேல வைச்ச பிளேனில வலுவைக் கூட்டின உடன மூக்குத் தூக்கும், அதுக்கு.

போதுமோ கூடவோ எண்டு பறந்துதான் அறியலாம். மட்டமா நேராப் போகேக்க த்றொட்டிலை முழுக்கத் திறவுங்கோ, மூக்கு உடன நிமிர்ந்தா கீழ இன்னும் கொஞ்சம் வேணும். மவுண்டுக்குப் பின்னால வாசர் வைச்சுச் சரிக்கலாம், போல்ற் இடைவெளி 40 மில்லிமீற்றர் எண்டா 1 மில்லிமீற்றர் வாசர் ஒண்டரைப் பாகைக்குக் கிட்ட வரும்.

எண்ணெய் ராங்க்கை எங்க வைக்கிறது, இடம் இருக்கிற இடத்தில வைச்சாப் போச்சுத்தானே?

இதுதான் நான் சொன்ன கேள்வி. எங்கட எஞ்சினுகளுக்கு எண்ணெய்ப் பம்ப் இல்லை. காபறேற்றர் உறிஞ்சிறதும், சைலன்சரில இருந்து ஒரு ரியூப்பால ராங்க்குக்குள்ள போற அமுக்கமும்தான் எண்ணெயைக் கொண்டு வருது, அதால உயரம் உயிர். ராங்க்கின்ர நடு, ஊசி வால்வின்ர மட்டத்தில இருக்க வேணும், இல்லாட்டி அதுக்கு 10 மில்லிமீற்றர் மட்டும் கீழ. மேல வைச்சா நிறுத்தி வைச்சாலும் எண்ணெய் தானா வழிஞ்சு எஞ்சினை முக்கும். கன கீழ வைச்சா மூக்கை நிமிர்த்தின உடன எண்ணெய் வராது. மூக்குப் பலகைக்குக் கிட்டவும் வைக்க வேணும், தள்ளித் தள்ளி வைக்க ராங்க் முடியேக்கயும் ஏறேக்கயும் வித்தியாசம் கூடும். 46 க்கு 300 மில்லிலீற்றர் மட்டில காணும், பன்னிரண்டு பதினஞ்சு நிமிசம் பறக்கலாம்.

சுத்திவர ஸ்பொஞ்ச் வையுங்கோ. மரத்தில நேராப் பட்டா அதிர்வில எண்ணெய் நுரைக்கும், நுரை ரியூப்பால வந்தா எஞ்சின் விக்கும். உள்ளுக்க ரியூப் நுனியில ஒரு பாரக் குண்டு இருக்கும், பிளேன் எந்தப் பக்கம் சரிஞ்சாலும் எண்ணெய் இருக்கிற பக்கம் அது போகும், பின் சுவரில முட்டாம ஆடுதோ எண்டு குலுக்கிப் பாருங்கோ. மூடின பிறகு ஒரு ரியூப்பை அடைச்சு மற்றதால ஊதி வாளித் தண்ணிக்குள்ள அமத்துங்கோ, ஒரு குமிழி வந்தாலும் அது ஓட்டைதான்.

எந்த அளவு புறொப் போடுறது?

40 க்கு 10 தர 6, 46 க்கு 11 தர 6, 25 க்கு 9 தர 6, இதில தொடங்குங்கோ. முதல் இலக்கம் நீளம், மற்றது ஒரு சுத்துக்கு எவ்வளவு முன்னுக்குப் போகும் எண்ட கணக்கு, ரெண்டும் அங்குலம். வேகம் வேணும் எண்டு பின் இலக்கத்தைக் கூட்டினா இறக்கேக்க பிளேன் நிக்கவே நிக்காது. சமநிலை பாக்காத புறொப் பூட்டாதேங்கோ. நுனி கொஞ்சம் சப்பினாலும் எறியுங்கோ, ஒட்டிப் பூட்டுறது வேண்டாம், நிமிசத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுத்து எண்டு நினைச்சுப் பாருங்கோ.

மகனுக்குப் பதினாலு வயசு, கையால சுத்தி ஸ்ரார்ற் பண்ணுறான், விரல் போகுமோ?

போகும். ஒரு தடியில ஹோஸ் பைப் துண்டைப் போட்டு அதால அடிக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி பற்றறி ஸ்ரார்ட்டர் வாங்கிக் குடுங்கோ. வாலை ஒராள் பிடிக்க வேணும். ஓடின பிறகு பின்பக்கம் வந்து நிண்டுதான் ஊசியைத் திருப்பிறது, பிளக் வயரைக் கழட்டிறதும் பின்னால இருந்துதான், புறொப்புக்கு மேலால கை போகவே கூடாது. தொங்கிற சங்கிலி, சால்வை ஒண்டும் வேண்டாம். மோட்டர் எண்டா இன்னும் பயம், எஞ்சின் தானாத் தொடங்காது, மோட்டர் எண்டா றிமோட்டின்ர ஸ்ரிக்கில கை தட்டுப்பட்டாலும் சுத்தும்.

புது எஞ்சினை எவ்வளவு நேரம் மெதுவா ஓட்டிப் பழக்க வேணும்?

எந்த எஞ்சின் எண்டதைப் பொறுத்தது. பிஸ்ரனில றிங் வைச்சதெண்டா எண்ணெய் கூட விட்டு ஆறுதலாக் கன நேரம். றிங் இல்லாத, மேல ஒடுங்கின சிலிண்டர் எண்டு முதல் சொன்னனே, அதைக் குளிரக் குளிர மெதுவா ஓட்டினாத்தான் பழுது, சூடேறினாத்தான் அந்தச் சிலிண்டர் விரிஞ்சு பிஸ்ரனுக்கு இடம் விடும். ஊசியை ரெண்டு, ரெண்டரைச் சுத்துத் திறந்து தொடங்கி, கூட எண்ணெயோட, ஆனா வேகமா, ரெண்டு மூண்டு நிமிசம், பிறகு நல்லா ஆற விட்டுத் திரும்ப. ரெண்டு மூண்டு ராங்க் நிலத்தில முடிச்சா மிச்சத்தைப் பறந்து பழக்கலாம்.

நிலத்தில வடிவா ஓடுது, மேல ஏத்தினா நிண்டிடுது, எஞ்சின் பழுது தானே?

எனக்கும் நடந்தது. முதல் 40 பிளேன், ஏறேக்க நிக்கும், ரெண்டு பிளக் மாத்தினன், காபறேற்றரைக் கழட்டிப் பூட்டினன், ஊசி வால்வு புதுசா எடுப்பிச்சன், ஒரு மாதம் மினக்கெட்டு பேந்துதான் ராங்க்கைத் திறந்து பாத்தன். முன்னம் ஒருக்கா மூக்கு அடிபட விழுந்ததில குண்டு முன்னுக்கு மடிஞ்சு போய் அப்பிடியே நிண்டிட்டுது. மட்டமா நிக்கேக்க எண்ணெய் கிடைக்கும், மூக்கு நிமிர்ந்தா எண்ணெய் பின்னுக்குப் போயிடும், குண்டு முன்னுக்கு.

அதால ஒழுங்கு இதுதான்: குண்டு, ரியூப்பில ஊசித் துளை, ராங்க் உயரம், சைலன்சர் அமுக்க ரியூப் கழண்டிருக்கோ எண்டது, கடைசியாத்தான் ஊசி வால்வு. ஊசி பாக்க, முழுத் த்றொட்டிலில வேகம் உச்சத்துக்குப் போற இடத்தில இருந்து கொஞ்சம் திறந்து விட்டு, பிளேனை மூக்கு வானம் பாக்கத் தூக்கிப் பத்துச் செக்கன் பிடியுங்கோ. கொஞ்சம் கூடிச் சத்தம் நிலைச்சாச் சரி. சோர்ந்தா ரெண்டு மூண்டு கிளிக் திறவுங்கோ. மத்தியானம் வைச்ச அளவைப் பின்னேரம் திரும்பப் பாருங்கோ, காத்துக் குளிர்ந்தா இறுக்கம் கூடும், எண்ணெயும் கொஞ்சம் கூட வேணும்.

எஞ்சினைக் கவிட்டுப் பூட்டி மூடியால மறைச்சா வடிவா இருக்குமே?

வடிவுதான். கவிட்டா பிளக் கீழ போகும், எண்ணெய் அதில தேங்கி ஸ்ரார்ற் வராது, முதல் பிளேனுக்கு வேண்டாம். பக்கவாட்டில பூட்டுங்கோ, ஊசி வால்வு மட்டம் மாறும், ராங்க்கையும் அதுக்கேத்த மாதிரி மாத்த மறக்காதேங்கோ. மூடி போட்டா காத்து வெளிய போற வாய், உள்ள வாற வாயைவிட ரெண்டு மடங்காவது பெரிசா இருக்க வேணும். உள்ள வாற ஓட்டையை மட்டும் பெரிசாக்கிப்போட்டு "சூடாகுது" எண்டு வாற ஆக்கள்தான் கன பேர்.

எல்லாம் பூட்டின பிறகு மூக்கு பாரம், வாலில ஈயம் வைக்கவோ?

ஈயம் கடைசி. ராங்க் வெறுமையா வைச்சு, இறக்கையின்ர முன் விளிம்பில இருந்து அகலத்தின்ர கால்வாசிக்கும் மூண்டில ஒண்டுக்கும் இடையில ரெண்டு விரலால தூக்கிப் பாருங்கோ. மூக்குச் சாஞ்சா முதல் றிசீவர் (றிமோட் சிக்னலை வாங்கிற பெட்டி) பற்றறியைப் பின்னுக்குத் தள்ளுங்கோ, அதிலயே கன தரம் சரிவரும். கொஞ்சம் மூக்குப் பாரமாப் பறக்கலாம், வால் பாரமாப் பறந்தா அந்தப் பறப்போட சரி.

மாரி முடிஞ்சு எடுத்தா எஞ்சின் சுத்தவே மாட்டன் எண்டுது, சாவி போட்டுத் திருப்பவோ?

போடாதேங்கோ, உள்ளுக்க பிஸ்ரன் தண்டு வளையும். காய்ஞ்ச ஆமணக்கெண்ணெய்தான் பிடிச்சிருக்கும், தலைமயிர் காய விடுற மெசினால சூடு காட்டினா இளகும். அதுக்கும் அசையாட்டி றப்பர் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு கார் றேடியேற்றருக்கு விடுற கூலன்ரில மெல்லிய சூட்டில கன மணித்தியாலம் வையுங்கோ, அந்தச் சட்டியில பிறகு சமைக்க ஏலாது, நஞ்சு. வீட்டில முதலே சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ.

மெதனோல் ஈரத்தை இழுக்கும், எங்கட உப்புக் காத்தும் சேந்தா பெயரிங் ஒரு மாரியில கறள் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் முடிக்கேக்க ரியூப்பைக் கழட்டி விட்டு மிஞ்சின எண்ணெய் எரிஞ்சு தானா நிக்க விடுங்கோ, பிறகு காபறேற்றராலயும் பிளக் ஓட்டையாலயும் நாலு துளி மெசின் ஒயில், ரெண்டு சுத்து.

எங்க கொண்டுபோய்ப் பறக்க விடலாம், ஆரிட்டயும் கேக்க வேணுமோ?

கேக்க வேணும். ஆளில்லாம பறக்கிறதுக்கு இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின்ர விதிமுறை இருக்கு, முதல் அதைப் பாருங்கோ. பலாலிப் பக்கம் விமான நிலையம், அந்தப் பக்கமே வேண்டாம், முகாமுகளுக்குக் கிட்டவும் வேண்டாம். காணிக்காரரிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நெல் வெட்டின வயல் நல்லம், பனையும் கரண்ட் வயரும் இல்லாத பக்கமாப் பாருங்கோ. சோளகம் பலமா வீசிற மாதங்களில விடியத்தான் காத்து அடங்கியிருக்கும்.

மார்கழி, தையில பின்னேரம் போகாதேங்கோ. வல்வெட்டித்துறைப் பக்கம் மட்டுமில்லை, எல்லா ஊரிலயும் விண் பூட்டின பட்டம் மேல நிக்கும், விண் கூவிறது கேக்கும், நூல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. நைலோன் நூல் புறொப்பில சுத்தினா உங்கட பிளேனோட அந்தப் பெடியன் ரெண்டு கிழமையாக் கட்டின பட்டமும் சேந்து விழும். நான் அந்த நாளில காலமை ஆறரைக்குப் போய், ரெண்டு ராங்க் முடிச்சு, எட்டு மணிக்கு முதல் வீட்டை வந்திடுவன்.